பேர் மாறாமல் சாவி கைமாறக் கூடாது

இரு சக்கர வண்டி: வாசகர் கேள்வி, பதில்

கேரள, தமிழ்நாட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எந்தச் சோதனைச் சாவடி வழியாகப் போனாலும் முப்பது வருடமாக என் பயணம் பைக்கில்தான். மெக்கானிக்கும் இல்லை, வண்டி வியாபாரியும் இல்லை. மூன்று வண்டி வாங்கி, அதில் இரண்டை விற்றவன். புது வண்டி வாங்குவதா பழையதா என்று இந்த மாதம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

*கோவிந்தாபுரத்திலிருந்து 24 வயது வாசகர்: பொள்ளாச்சியில் தேங்காய் நார் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. கையில் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. செகண்ட்ஸில் ஒரு 125 பார்க்கலாமா, கடன் போட்டுப் புதுசு எடுக்கலாமா அண்ணா?*

தம்பி, இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் பழையது என்று சொல்லியிருப்பேன். அப்போது புது வண்டி விலை ஏறிக்கொண்டே போனது. 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. 2018 செப்டம்பரிலிருந்து புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸை மொத்தமாகக் கட்ட வேண்டும் என்றார்கள். 2019 ஏப்ரலில் 125 சி.சி.க்கு மேல், பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏ.பி.எஸ்., அதற்குக் கீழே இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற சி.பி.எஸ். கட்டாயமானது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்து, பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கிற கார்புரேட்டர் போய், அதையே எலெக்ட்ரானிக்காக அளந்து தெளிக்கிற இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. ஒவ்வொன்றும் நல்லதுக்குத்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாம்தான் பணம் கொடுத்தோம். புதுசு ஏற ஏற, பழையதும் கூடவே ஏறியது.

2025 செப்டம்பர் 22ஆம் தேதி இந்த ஏற்றம் திரும்பியது. 350 சி.சி. வரைக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரி இல்லாத விலை 75,000 என்று வைத்துக்கொள். முன்பு 96,000 ஆகியிருக்கும், இப்போது 88,500. ஏழாயிரத்து ஐந்நூறு மிச்சம். அடக்க விலை குறைந்ததால் அதன் மேல் போடுகிற சாலை வரியும் கொஞ்சம் குறையும்.

இதைப் பழைய வண்டி விற்கிறவர்களில் பாதிப் பேர் இன்னும் மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை. 2023ல் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கொடுத்து எடுத்தேன் என்று அந்தக் கணக்கில் நின்று பேசுவார்கள். அவர் அன்றைக்குக் கொடுத்த விலை உனக்கு எதற்கு? அதே வண்டி இன்றைக்கு ஷோரூமில் என்ன ஆன்ரோடு விலை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போ. கேட்கிற விலை அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் திரும்பி வந்துவிடு. இது நானே வைத்திருக்கிற அளவுகோல்தான், சட்டம் இல்லை.

உன் விஷயத்தில் எனக்குத் தோன்றுவது இது: வேலை புதுசு, ஆறு மாதம் நிலைக்கிறதா பார். அதுவரைக்கும் தெரிந்தவர் கையிலிருந்து, இன்ஜின் பிரிக்காத ஒரு 100 சி.சி. வண்டி நாற்பதுக்குள் கிடைத்தால் எடு. செகண்ட்ஸ் வண்டிக்குக் கடன் மட்டும் வாங்காதே. வட்டி புது வண்டிக் கடனைவிட அதிகம். வேலை நிலைத்த பிறகு அதே நாற்பதை முன்பணமாகக் கட்டிப் புதுசு எடுக்கலாம்.

*பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர்: என் வண்டியைக் கடைக்காரரிடம் கொடுக்கப் போகிறேன். 29, 30 பாரத்தில் கையெழுத்து மட்டும் போடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். போதுமா?*

போதாது ஐயா. 29 விற்றதைத் தெரிவிக்கிற பாரம், 30 பேர் மாற்றக் கேட்கிற பாரம். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

1993ல் என் அப்பா தேங்காய் விற்ற பணத்தில் எனக்கு ஆர்.எக்ஸ். 100 வாங்கிக் கொடுத்தார். கே.எல். 9 நம்பர், சிவப்பு டேங்க். பதினோரு வருடம் ஓட்டினேன். 2004ல் பெட்ரோல் செலவு தாங்காமல் எல்லையோரத்துக் கடை ஒன்றில் எட்டாயிரத்து ஐந்நூறுக்குக் கொடுத்தேன். கடைக்காரர் இதே வார்த்தையைத்தான் சொன்னார். தேதி இல்லாத 29, 30ல் கையெழுத்துப் போட்டேன். ஆர்.சி. புத்தகத்தை, அதாவது பதிவுச் சான்றைக் கொடுத்தேன், டீ குடித்தேன், பஸ் ஏறி வந்துவிட்டேன்.

2011ல் கோர்ட் நோட்டீஸ் வந்தது. அந்த வண்டி வேறு மாவட்டத்தில் ஒரு பெரியவரை இடித்துவிட்டது. கால் எலும்பு முறிந்து அவர் எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். ஓட்டியவன் யாரென்று எனக்குத் தெரியாது. கடையிலிருந்து எனக்குப் பிறகு மூன்று கை மாறியிருக்கிறது. யாருமே பேர் மாற்றவில்லை, இன்சூரன்ஸும் கட்டவில்லை. ஆர்.சி.யில் இருந்தது என் பேர். நான்கு வருடம் அந்த வழக்குக்கு அலைந்தேன். கடைசியில் இழப்பீட்டில் ஒரு பங்கை நான் கட்டினேன். கட்டியதில் எனக்கு வருத்தம் இல்லை, அடிபட்டவருக்கு யாராவது கொடுக்கத்தானே வேண்டும். கோர்ட் வராண்டாவில் அவருடைய மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏழு வருடத்துக்கு முன்பே விற்றுவிட்டேன் அம்மா என்று அவரிடம் சொல்லி என்ன பயன்?

விற்றவர் கையில் என்ன காகிதம் இருந்தாலும், ஆர்.சி.யில் பேர் இருக்கிறவர்தான் சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர். 2018ல் உச்ச நீதிமன்றமும் ஒரு விபத்து வழக்கில் இதையே தெளிவாகச் சொல்லிவிட்டது. இப்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. 2023 ஜூன் முதல் கேரளச் சாலைகளில் கேமரா வைத்து அபராதம் போடுகிறார்கள். யாரோ ஹெல்மெட் இல்லாமல் போவார், நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

அப்படியானால் கடையில் கொடுக்கவே கூடாதா? கொடுக்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான வண்டிகளை வாங்கி விற்கிற வியாபாரி போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் வாங்க வேண்டும். வண்டி தன் கைக்கு வந்ததை அவர் போர்ட்டலில் பதிவு செய்தால், அந்த நேரத்திலிருந்து வண்டிக்கு அவர்தான் பொறுப்பு. அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். இருந்தால் பதிவு செய்ததன் நகலைக் கையில் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள். இல்லையென்றால், வாங்குகிற ஆளைக் கூட்டிவரச் சொல்லி அவர் பேருக்கே நேராக மாற்றிக் கொடுங்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்ற 14 நாளுக்குள், வேறு மாநிலம் என்றால் 45 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் போக வேண்டும்.

என் ஆர்.எக்ஸின் இரண்டாவது சாவி இன்னும் என் பீரோவில் கிடக்கிறது.

*பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து ஒரு வாசகர்: பொள்ளாச்சியில் டி.என். 41 நம்பரில் நல்ல வண்டி ஒன்று பார்த்திருக்கிறேன். இங்கே அதே வண்டிக்கு ஐயாயிரம் கூடக் கேட்கிறார்கள். வாங்கினால் கே.எல். நம்பர் மாற்ற வேண்டுமா? பலர் மாற்றாமலே ஓட்டுகிறார்களே?*

ஓட்டுகிறார்கள்தான். நம் ஊர்ச் சந்தையில் நிற்கிற வண்டிகளைப் பார்த்தாலே தெரியும், பாதி டி.என்., பாதி கே.எல். தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போய்வருகிறவருக்கு அதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் சித்தூரில் குடியிருந்து, வண்டியும் இங்கேயே நின்றால், 12 மாதத்துக்கு மேல் வேறு மாநில எண்ணோடு வைத்திருக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு இடம் கொடுக்காது.

பொள்ளாச்சி ஆபீஸில் விற்கிறவர் என்.ஓ.சி.க்கு, அதாவது தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அது 28ஆம் பாரம். அபராதம் பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். வண்டி மேல் பைனான்ஸ் இருந்தால் கடன் கொடுத்தவரின் கடிதத்தோடு 35ஆம் பாரம் போட்டு ஆர்.சி.யிலிருந்து அந்தப் பேரை எடுத்தாக வேண்டும். கடன் முடிந்துவிட்டது என்று விற்கிறவர் வாயால் சொன்னால் நம்பாதீர்கள். டியூ கட்டி முடித்து ஐந்து வருடமாகியும் ஆர்.சி.யில் பைனான்ஸ் பேர் அப்படியே நிற்கிற வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என்.ஓ.சி. வந்த பிறகு சித்தூர் ஆபீஸில் வண்டியைக் காட்டி, மிச்ச வருடங்களுக்கான வரியைக் கேரளத்தில் கட்டினால் கே.எல். 70 நம்பர் கிடைக்கும். தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அந்தப் பணம் யாருக்கு என்று விற்கிறவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். எத்தனையோ நல்ல சினேகிதம் அந்த இரண்டாயிரம், மூவாயிரத்தில் முறிந்திருக்கிறது.

அதனால் ஐயாயிரம் குறைவு என்பதை மட்டும் பார்க்காதீர்கள். இங்கே கட்ட வேண்டிய வரி எவ்வளவு என்று சித்தூர் ஆபீஸில் கேட்டுவிட்டு விலை பேசுங்கள். வண்டி ஒரு வருடம்தான் பழையது என்றால் அந்த ஐயாயிரம் வரியிலேயே போய்விடும். பத்து வருடம் ஆன வண்டி என்றால் லாபம் நிற்கும்.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். மாற்றாவிட்டாலும் மூன்றாம் நபருக்கான காப்பு வண்டியோடு தொடரும். உங்கள் வண்டிக்கு ஆகிற சேதத்துக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காமல் போய்விடும்.

*வேலந்தாவளத்திலிருந்து ஒரு ஆசிரியை: அப்பா 1994ல் வாங்கிய ஆர்.எக்ஸ். 100 வீட்டில் நிற்கிறது. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து ஒரு லட்சம் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா அண்ணா?*

டீச்சர், உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

1985ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோடு சேர்ந்து கொண்டுவந்த வண்டி அது. 1996ல் நிறுத்திவிட்டார்கள். 98 சி.சி.தான், ஆனால் எடையும் குறைவு, கை திருப்பினதும் துள்ளும். அதனால்தான் இன்றைக்கு இந்த விலை. ஒரு வண்டிக்குப் பாதி விலை இன்ஜினுக்கு, மீதி விலை பழைய ஞாபகத்துக்கு. அப்பா கையால் தினமும் துடைத்த வண்டியை விற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பணத்தேவை இல்லையென்றால் வைத்திருங்கள்.

விற்பதோ வைப்பதோ, முதலில் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அப்பா 2009லும், அதற்குப் பிறகும் புதுப்பித்திருக்கிறாரா? 20 வருடம் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிக்கிற கட்டணத்தை 2025 ஆகஸ்டில் இரண்டாயிரம் ரூபாயாக ஏற்றிவிட்டார்கள். வரி தனி. அதோடு வண்டி அப்பா பேரில் இருப்பதால், வாரிசு என்ற முறையில் 31ஆம் பாரம் போட்டு உங்கள் பேருக்கோ அம்மா பேருக்கோ மாற்றுங்கள். அதைச் செய்யாமல் வருகிறவரிடம் சாவியைக் கொடுத்தால், இல்லாத மனிதர் பேரில் ஒரு வண்டி ரோட்டில் ஓடும். மேலே என் கதையைப் படித்திருப்பீர்கள்.

ஒரு லட்சம் தருகிறவர் ஸ்டியரிங் தலையில் இருக்கிற சேசிஸ் நம்பரையும், இன்ஜினில் இருக்கிற நம்பரையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்ப்பார். இரண்டும் பொருந்தினால்தான் அந்த விலை. இந்த வண்டிக்குக் கிராக்கி ஏறிய பிறகு ஒன்றின் இன்ஜினை இன்னொன்றின் சேசிஸில் ஏற்றி விற்பது சகஜமாகிவிட்டது. உங்களுடையது ஒரே கை வண்டி. விற்றே ஆக வேண்டும் என்றாலும் முதலில் வந்த ஆளுக்கே கொடுத்துவிட வேண்டாம்.

ஓட்டாமல் நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்கில் பெட்ரோல் விடாதீர்கள். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆடி மாதம் முழுக்க நின்றால் டேங்கின் அடியில் துரு பிடிக்கும், கார்புரேட்டரில் பிசின் மாதிரி ஒட்டும். பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டர் ரப்பர்களையும் ஒரு தடவை புதிதாக மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

*ஆனைமலையிலிருந்து ஒரு வாசகர்: கேரளாவிலிருந்து வந்த வண்டி, மூன்று வருடப் பழசு, பதினோராயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, விலை ரொம்பக் குறைவு. ஏதாவது சிக்கல் இருக்குமா?*

2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீரில் நின்ற வண்டிகள் கழுவித் துடைத்துப் பாலிஷ் போட்டு எல்லை தாண்டிப் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதற்குப் பிறகும் ஒவ்வொரு பெருமழைக்கும் கொஞ்சம் வருகிறது. சீட்டைக் கழற்றி ஒயர் கனெக்டர்களைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் அது தண்ணீர் குடித்த வண்டி. ஹெட்லைட்டுக்குள் மண் கோடு, ஸ்பீடாமீட்டர் கண்ணாடிக்கு உள்ளே ஆவி, இதெல்லாமும் சொல்லும்.

கிலோமீட்டரை மீட்டரில் பார்க்காதீர்கள், டிஜிட்டல் மீட்டரையும் திருப்புகிறார்கள். பதினோராயிரம் ஓடிய வண்டியில் ஃபுட்ரெஸ்ட் ரப்பரின் வரி அழிந்திருக்காது. கியர் பெடல் முனை மழுங்கியிருக்காது. டிஸ்க் பிளேட்டின் ஓரத்தில் விரலை வைத்தால் வரப்பு மாதிரி தட்டாது. ஷோரூமில் அந்த நம்பரைச் சொல்லிக் கடைசி சர்வீஸில் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் பல இடத்தில் சொல்லிவிடுவார்கள். காலையில் இன்ஜின் சூடாகும் முன்னால் போய், நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீங்கள் வருவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள்.

*மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு வாசகர்: இப்போது வருகிற இன்ஜெக்‌ஷன் வண்டியை நம் ஊர் மெக்கானிக்கால் பார்க்க முடியவில்லை. இதனாலேயே பழைய கார்புரேட்டர் வண்டியாகத் தேடுகிறேன். சரியா?*

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. எங்கள் ஊரில் புளியமரத்தடியில் கடை வைத்திருக்கிற மெக்கானிக் முப்பது வருடமாக என் வண்டிகளைப் பார்க்கிறார். தூரத்தில் வருகிற சத்தத்தை வைத்தே டேப்பெட்டா, செயினா என்று சொல்லிவிடுவார். பி.எஸ். 6 வண்டி வந்த முதல் வருடம், மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தபடி ஒரு பையன் வந்து நின்றான். அவர் பிளக்கைக் கழற்றினார், ஏர் ஃபில்டரைப் பார்த்தார், கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு ஷோரூமுக்கே போகச் சொன்னார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவ்வளவு தெரிந்த மனிதரை ஒரு சின்ன விளக்கு வெளியே நிறுத்திவிட்டது.

ஆனால் அவர் அதோடு நின்றுவிடவில்லை. மறு வருடமே, வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்கிற ஸ்கேனர் வாங்கினார். பத்தாம் வகுப்பு முடித்த மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதில் வருகிற பிழைக் குறியீடுகளைப் படித்துக் கற்றுக்கொண்டார். இன்றைக்குச் சென்சார் கோளாறில் பாதியை அவரே தீர்க்கிறார். சில கம்பெனி வண்டிகள் மட்டும் கம்பெனி ஸ்கேனருக்குத்தான் பதில் சொல்கின்றன. அது தப்பு என்பதுதான் என் கருத்து. காசு கொடுத்து வாங்கிய வண்டியை எங்கே பழுது பார்ப்பது என்று முடிவு செய்ய வேண்டியது வாங்கியவர்தான்.

இருந்தாலும் இன்ஜெக்‌ஷனை ஒதுக்காதீர்கள். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற காலையில், சோக்கை இழுத்துப் பத்து உதை உதைத்த நாட்களை நான் மறக்கவில்லை. இன்ஜெக்‌ஷன் வண்டி ஒரு அமுக்கில் எழுந்து நிற்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பல புது வண்டிகளில் கிக்கரே கிடையாது. பேட்டரி செத்தால் பெட்ரோல் பம்பும் ஓடாது, தள்ளி ஸ்டார்ட் செய்வதும் சந்தேகம். அதனால் மூன்று, நான்கு வருடத்தில் பேட்டரியை நீங்களாகவே மாற்றிவிடுங்கள்.

*வண்ணாமடையிலிருந்து ஒரு வாசகர்: பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?*

பேட்டரி வாரன்டி எத்தனை வருடம் மிச்சம், அது உங்கள் பேருக்கு மாறுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முழு சார்ஜ் போட்டு, உங்கள் ஊரிலிருந்து பாலக்காடு வரை நீங்களே ஓட்டிப் பாருங்கள். வாரன்டி முடிந்த வண்டி என்றால் பாதி விலையும் அதிகம்தான்.

*கொல்லங்கோட்டிலிருந்து ஒரு தந்தை: மகன் 650 சி.சி. புல்லட் கேட்கிறான். 350 போதும் என்கிறேன் நான்.*

350 சி.சி.க்கு மேலே போனால் ஜி.எஸ்.டி. இப்போது 40 சதவீதம். 349 சி.சி. புல்லட்டுக்கு 18. இந்த ஒரு கோட்டினால் இரண்டுக்கும் நடுவில் முன்பு இருந்ததைவிடப் பெரிய பள்ளம் விழுந்துவிட்டது. மகனை முதலில் 350ஐ நெல்லியாம்பதி வளைவுகளில் ஒரு தடவை ஓட்டச் சொல்லுங்கள். அப்புறம் அவனே சொல்லட்டும்.

*கோபாலபுரத்திலிருந்து ஒரு வாசகர்: உங்கள் கையில் இப்போது என்ன வண்டி இருக்கிறது? எப்போது மாற்றுவீர்கள்?*

ஆர்.எக்ஸுக்குப் பிறகு 2004ல் ஸ்ப்ளெண்டர் வாங்கினேன். 2012ல் அதை எங்கள் பால் சொசைட்டியில் வேலை செய்கிற ஒருவருக்குக் கொடுத்தேன். கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்த நேரம் அது. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அவரோடு நானே போய், அவர் பேரில் ஆர்.சி. வந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். இவ்வளவு நம்பிக்கை இல்லையா என்று அவருக்கு முதலில் மனவருத்தம். நடந்ததைச் சொன்னதும் புரிந்துகொண்டார். அந்த ஸ்ப்ளெண்டர் இன்றும் காலை ஐந்து மணிக்கு என் வீட்டு வாசல் வழியாகப் பால் கேனோடு போகிறது.

அதே வருடம் வாங்கிய பல்சர் 150தான் இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு தடவை பிஸ்டன் மாற்றியிருக்கிறேன், கிளட்ச் பிளேட் மூன்று தடவை. எக்ஸ்சேஞ்சில் பதினெட்டாயிரத்துக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. 2027ல் அதற்குப் பதினைந்து வருடம் முடிகிறது. வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கத்தான் போகிறேன். பாலக்காட்டில் படிக்கிற மகன் அதைக் கேட்கிறான். தரலாம். அவன் பேரில் ஆர்.சி. மாற நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாள் லீவு போட்டு ஆபீஸுக்குப் போக வேண்டும், அவனுக்குப் பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்கிறேன்.